நான்கு எழுத்து

ஷ்ட்ராவ்பிங் நகராட்சி சவுனா.
வியாழன் மாலை, வெப்பம் தொண்ணூறு.
உள்ளே ஒரே ஒரு சட்டம்: உடம்பில் நூலிழை கூடாது.
ஆணும் பெண்ணும்
ஓய்வுபெற்ற நீதிபதியும் பேருந்து ஓட்டுநரும்
துண்டை விரித்து அதன்மேல் பிறந்தபடி.
யாரும் யாரையும் பார்ப்பதில்லை.
பார்க்காதவர்போல் இருப்பதும் இல்லை.

பேச்சு மட்டும்
கழுத்துவரை பொத்தான் போட்டிருக்கும்.

தபால் நிலையத்து இர்ம்ட்ரவுட்
நெற்றி துடைக்கக் கை தூக்கினாள்.
மேல்கைக்கு அடியில் ஒன்று தனியாக ஆடி நின்றது.
'என் கையசைப்புச் சதை,' என்றாள்.
'ரயில் போய் பத்து நிமிடம் ஆனாலும்
இது வழியனுப்பிக்கொண்டே இருக்கும்.'

ஓட்டுநர் கோர்பினியானுக்கு
முன்நெற்றியின் இரு ஓரமும் உள்வாங்கிய கடற்கரை.
அதற்குப் பெயர் அந்தரங்க ஆலோசகர் மூலைகள்.
அரசருக்கு யோசனை சொன்ன பெரிய மனிதர்களுக்கு
வயதும் பதவியும் சேர்ந்தே ஏற
முடி இறங்கிப் போனதாம்.
'என்னிடம் யார் யோசனை கேட்டார்கள்?
அடுத்த நிறுத்தம் எது என்று கேட்பார்கள்,
அவ்வளவுதான்.'

இடுப்பைச் சுற்றிய மடிப்பு: இடுப்புத் தங்கம்.
அடகுக் கடைக்காரன் தொடமாட்டான்.

மூலையில் வால்புர்கா, வயது எழுபத்தொன்று.
மலைநாட்டு வீடுகளில்
பனிக்கு முன்பே சுவரோரம் கூரைவரை விறகு அடுக்குவார்கள்.
மார்பு நிறைந்த பெண்ணைக் கண்டால் பவேரியக்காரன்
குடிசை முன்னே நல்ல விறகு என்பான்.
அவள் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்:
'குளிர்காலம் முக்கால்வாசி போயிற்று.
அடுக்கு சரியத்தானே செய்யும்.'

கால் கழுவி வந்தேன் என்று சொல்லிவிட்டு
காலை மட்டும் கழுவாமல் வருகிற நம் ஊரில்
இதற்கு இலக்கணமே உண்டு, இடக்கரடக்கல்.
அந்த அறையில் அப்போது
இலக்கணம் ஒன்றுதான் வேர்க்காமல் இருந்தது.

டாக்டர் லுட்கர் விம்மருக்குப் பொறுக்கவில்லை.
முப்பத்தெட்டு வருடம் கத்தி பிடித்தவர்.
'எல்லாவற்றுக்கும் லத்தீனில் பெயர் இருக்கிறது.
ஒன்றுக்கு ஒன்று, சுத்தமாக.
இதோ நாம் உட்கார்ந்திருப்பது குளூட்டியஸ் மாக்ஸிமஸ்.
எதற்கு இந்த மாறுவேடம்?'
இர்ம்ட்ரவுட் திரும்பவே இல்லை.
'அதுவும் துணிதான், டாக்டர்.
கொஞ்சம் விலை கூடின துணி.'

அவர் விறைப்பாக எழுந்தார்.
கதவைத் திறந்தார். குளிர்நீர்த் தொட்டிக்கு நாலு எட்டு.
மூன்றாம் எட்டில் ஈர ஓடு.

ஈர மாவைப் பலகையில் அறைந்த சத்தம்.

துண்டும் மறந்து ஓடினார்கள்.
'எங்கே அடி? எங்கே?'
டாக்டர் வாய் திறந்தார்.
முப்பத்தெட்டு வருட லத்தீன்
தொண்டைவரை வந்து திரும்பிப் போனது.
வெளியே வந்தது மூன்று வயதுப் பையன்:
'போபோ!'

நம் எழுத்தில் எண்ணினால் இரண்டு.
அவர்கள் எழுத்தில் நான்கு.
அதைச் சொல்லக் கூசித்தான் அங்கே பெரியவர்கள்
'உன் நான்கு எழுத்தின்மேல் உட்கார்' என்று
பிள்ளைகளை அடக்குவார்கள்.
அந்தப் போபோவும் வானத்திலிருந்து விழவில்லை.
போடெக்ஸ் என்று ரோமானியர் வைத்த பெயர்.
யாரோ சில குழந்தைகள் தலையை மட்டும் கடித்து
ருசியாக இருக்கிறதே என்று இரண்டு முறை சொன்னார்கள்.
ஆக, மனிதர் விழுந்ததும் லத்தீன்மேல்தான்.
இதை அப்போது யாரும் அவரிடம் சொல்லவில்லை.
கோர்பினியான் சிரிப்பை அடக்கி அடக்கி
இருமலாக மாற்றிக்கொண்டிருந்தான்.

ஆம்புலன்ஸில் வந்த பெண் ஸ்வென்யா,
அந்தக் கூட்டத்திலேயே உடுத்தியிருந்த ஒருத்தி,
படிவமும் பேனாவுமாக மண்டியிட்டாள்.
'அடிபட்ட இடம்?'
ஈரத் தரையில் குப்புறக் கிடந்தபடி
டாக்டர் தன் குரலைத் தேடி எடுத்து
ஒவ்வொரு சொல்லாக எழுதவைத்தார்:
'முதுகு,
தன் கண்ணியமான பெயரை,
இழக்கும் இடத்தில்.'

கட்டம் போதவில்லை.
அவள் படிவத்தைத் திருப்பி
பின்பக்கத்தில் எழுதினாள்.